சிதறிய விண்மீனின் உட்புறம்

காசியோபியா விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவில், வெடித்துச் சிதறிய ஒரு பெருவிண்மீனின் எச்சம் இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. அதற்குக் காசியோபியா ஏ என்று பெயர். வெடிப்பின் ஒளி பூமியை எட்டி ஏறத்தாழ 340 ஆண்டுகளே ஆகின்றன. விண்மீன் எப்படி வெடிக்கிறது என்று ஆராய இவ்வளவு இளமையான, அருகிலுள்ள எச்சம் கிடைப்பது அரிது.

நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாயும் அந்தச் சிதறல், சுற்றியுள்ள வாயுவோடு மோதுகிறது. அதில் எழும் அதிர்ச்சி அலைகள் சிதறலைக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்குகின்றன. அந்த வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றை இழந்து எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய ஆற்றல்கள் உண்டு. சிலிக்கன் 1.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் பளிச்சிடும், கந்தகம் 2.4 அளவில், இரும்பு 6.6க்கு அருகில். வந்து சேரும் கதிரின் ஆற்றலை அளந்தால், எங்கே எந்தத் தனிமம் என்று வரைபடமே போட்டுவிடலாம்.

வளிமண்டலம் எக்ஸ் கதிர்களை உறிஞ்சிவிடுவதால் தொலைநோக்கி விண்வெளிக்குப் போக வேண்டும். நாசா 1999 ஜூலையில் ஏவிய சந்திரா அந்த வேலையைச் செய்கிறது. எக்ஸ் கதிர் நேராக விழுந்தால் கண்ணாடிக்குள் புகுந்து மறைந்துவிடும். குளத்தில் சாய்த்தெறிந்த சில்லு நீரைத் தொட்டுத் தாவுவதுபோல, கதிர் உரசிச் சென்று குவியும்படி சந்திராவின் கண்ணாடிகள் குழல் வடிவில் அமைந்துள்ளன.

அந்தத் தொலைநோக்கி தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது பொருத்தமே. இப்படி வெடிக்கும் பெருவிண்மீனின் இரும்பு மையம் அவர் கணித்த எல்லையை, ஏறத்தாழ 1.4 சூரிய நிறையை, எட்டும்போதுதான் தன் எடையைத் தாங்காமல் இடிந்து விழுகிறது. 1999 ஆகஸ்டில் வெளியான சந்திராவின் படத்தில், எச்சத்தின் நடுவே ஒளிப்புள்ளி ஒன்று தெரிந்தது. இடிந்த மையம் விட்டுச்சென்ற நியூட்ரான் விண்மீன் அது.

வரைபடம் இன்னொரு வியப்பையும் காட்டியது. வெடிப்பில் புதிதாக விளையும் இரும்பு, மையத்தை ஒட்டியே உருவாகிறது. சிலிக்கன் அதற்கு வெளியே. ஆனால் எச்சத்தின் தென்கிழக்கில் இரும்பு சிலிக்கனைத் தாண்டி வெளியே நிற்கிறது. 2012இல் ஏவப்பட்ட நூஸ்டார் தொலைநோக்கி, ஆழத்தில் மட்டுமே உருவாகும் டைட்டானியம்-44 ஒருபக்கமாகத் திரண்டு கிடப்பதைக் கண்டது. ஆக, அந்த விண்மீன் எல்லாத் திசைகளிலும் சமமாக வெடிக்கவில்லை. அதன் உட்புறம் கொதித்துப் புரண்டு, ஒருபக்கம் சாய்ந்தே வெடித்திருக்கிறது. இனி வெடிப்பை விளக்க வரும் எந்தக் கணினி மாதிரியும், இரும்பு வெளியே வந்த கதையையும் சொல்லியாக வேண்டும்.