ஏருக்கு ஓர் இல்லம்

அரசர் சூடிய முடியையும் வீரர் ஏந்திய வாளையும் காட்டும் பொருட்காட்சி சாலைகள் நம் நாட்டில் பல உள்ளன. அவர்களுக்கெல்லாம் உணவளித்த உழவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் காட்டுவன மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று பஞ்சாப் மாநிலத்து லூதியானா நகரில், வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வளாகத்தில் அமைந்திருக்கிறது. பஞ்சாபின் கிராமச் சமூக வரலாற்றைக் கூறுவதற்கென்றே ஏற்பட்டது அது.

அதனை எண்ணி உருவாக்கியவர் மொகிந்தர் சிங் ரந்தாவா. நாட்டுப் பிரிவினையால் வீடும் நிலமும் இழந்து வந்த மக்களைக் கிழக்குப் பஞ்சாபில் குடியமர்த்தும் பணியில் முன்னின்றவர் அவர். பின்னாளில் அப்பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார்; இந்திய வேளாண்மையின் வரலாற்றையும் நான்கு தொகுதிகளாக எழுதினார். காட்சி சாலை 1974-இல் திறக்கப்பெற்றது.

அந்தக் காலத்தை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தது. அம்முயற்சிக்கு அரசின் ஆதரவைத் தேடித் தந்த அமைச்சர் சி. சுப்பிரமணியமும், ஆராய்ச்சித் துறையில் முன்னின்ற எம். எஸ். சுவாமிநாதனும் தமிழர்கள் என்பதை நேயர்கள் அறிவர். சில ஆண்டுகளில் பஞ்சாபின் வயல்கள் உருமாறின. குழாய்க் கிணறுகள் பெருகின. எருதுகள் சுற்றிவரக் கலங்கள் கோத்த சக்கரத்தால் நீர் இறைத்த கிணறுகள் ஓய்ந்தன. டிராக்டர் வந்தது, மரக்கலப்பை மூலையில் சாய்ந்தது. இம்மாறுதலுக்குப் பெருந்துணை புரிந்தது லூதியானாப் பல்கலைக் கழகம். பழைய கருவிகளுக்கு வயலிலிருந்து விடைகொடுத்த அதே நிறுவனம், அவற்றுக்குத் தன் வளாகத்திலேயே ஓர் இல்லமும் அமைத்துக் கொடுத்தது.

கட்டடமே ஒரு காட்சிப் பொருளாகும். நானக்ஷாகி எனப்படும் மெல்லிய சிறு செங்கற்களைக் கொண்டு, பழைய பஞ்சாபி வீட்டின் சாயலில் எழுப்பப்பட்டது. மரவேலைப்பாடு மிக்க கதவுகளைக் கடந்து சென்றால் உழவுக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், மட்கலங்கள், நூற்கும் கருவிகள், ஆடை அணிகள் ஆகியவற்றைக் காணலாம்.

பழைய முறைக்கே திரும்புவோம் என்று இவை நம்மை அழைக்கவில்லை. பஞ்ச காலத்தின் துயரை அறிந்த எவரும் மிகுந்த விளைச்சலை வெறுக்கமாட்டார். ஆயினும் ஒரு படி தானியத்தின் பின்னே எத்தனை கைகளின் உழைப்பு இருந்தது என்பதை இக்கருவிகளே உணர்த்தவல்லன.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஏற்றம், கவலை, பரம்பு, குதிர், மரக்கால் என்னும் சொற்களை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? கருவி வழக்கொழிந்தால் அதன் பெயரும் நாளடைவில் மறைகிறது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, முதியோரிடம் அவற்றைக் கேட்டறிந்து, பெயரையும் பயனையும் பிள்ளைகளைக் கொண்டே எழுதிவைக்கச் செய்யலாம். அதற்குக் கட்டடமும் பொருட்செலவும் தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும்.