கரண்ட் பில்லும் தானியங்கி வீடும்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரிய ஊழியர் வருகிறார், மீட்டரைப் பார்க்கிறார், கையோடு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். தமிழ்நாட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "நம்ம ஊரில் நூறு யூனிட் இலவசமாயிற்றே, இங்கே இல்லையா?" 2016-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கிடைத்த அந்தச் சலுகை வாளையாறு தாண்டி வராது.

பில்லைக் குறைக்க வழி தேடும்போதுதான் 'ஸ்மார்ட் ஹோம்' என்னும் தானியங்கி வீடு பற்றிய பேச்சு வருகிறது. கைபேசியைத் தொட்டால் விளக்கு அணையும், நேரம் வந்தால் ஏசி தானே நிற்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் என் மகன் இப்படிச் சில கருவிகளைப் பொருத்தியிருப்பதால், "உண்மையிலேயே மிச்சமாகுமா?" என்று சங்க அன்பர்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சமாகும். ஆனால் எதில் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்தது அது. கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வது நல்லது.

ஐந்நூறு என்னும் வாசற்படி

கேரள மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த விகிதப்படி, மாதத்தில் முதல் 50 யூனிட்டுக்கு யூனிட் 3 ரூபாய் 35 காசு. 201 முதல் 250 வரை யூனிட் 8 ரூபாய் 50 காசு. மாதச் சராசரி 250-ஐத் தாண்டிவிட்டால் இந்தப் படிகளே மறைந்துவிடும். முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம். 300 யூனிட் வரை அது 6 ரூபாய் 75 காசு.

இரண்டு மாதக் கணக்காகப் பாருங்கள். 500 யூனிட் செலவழித்தவருக்கு மின்சாரத்துக்கு மட்டும் 2,865 ரூபாய். 501 யூனிட் செலவழித்தவருக்கு ஏறத்தாழ 3,382 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல்! நிலையான கட்டணமும் வரியும் தனி.

ஆகவே நமக்கு வேண்டியது ஒரு நாளைக்கு எட்டு யூனிட் என்ற கணக்கு. அறுபது நாளுக்கு 480 வரும். வாசற்படிக்கு உள்ளே இருப்போம். வாரம் ஒருநாள் மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேலை என் மனைவியுடையது.

எதில் மிச்சம்? எதில் இல்லை?

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது விளக்கின்மேல்தான். ஒன்பது வாட் எல்இடி பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் அறுபது நாளில் மூன்று யூனிட் ஆகாது. அதைத் தானாக அணைக்க ஸ்மார்ட் பல்பு வாங்கினால், அது அணைந்திருக்கும் நேரத்திலும் வைஃபைக்காகச் சிறிது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அறுபது வாட் குண்டு பல்பு காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது இது ஆசைக்கு வாங்குவது; சிக்கனத்தில் சேராது.

மின்விசிறிக்கு வாருங்கள். கொச்சிப் புழுக்கத்தில் ஆண்டு முழுக்க அது ஓய்வதில்லை. பழைய விசிறிக்கு 75 வாட். பிஎல்டிசி மோட்டார் வைத்த புது விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், ஒரு விசிறியிலேயே இரண்டு மாதத்தில் 32 யூனிட் வித்தியாசம். மூன்று விசிறிக்கு 97. ரிமோட்டும் டைமரும் அதிலேயே இருக்கின்றன.

அடுத்தது ஏசி. 2020 ஜனவரி முதல் வந்த அறை ஏசிகள் தொடக்கத்தில் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்று எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்கிறது. உங்கள் ஏசி மணிக்கு முக்கால் யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை நான்கு மணிக்கு அது நின்று விசிறி சுழலும்படி செய்தால், இரண்டு மணி நேரம் குறைந்து அறுபது நாளில் 90 யூனிட் மிஞ்சும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ரிமோட்டில் உள்ள டைமர் பொத்தானே போதும். ஆனால் என் அம்மா படுக்கும் அறையில் அந்த ஏற்பாட்டை நாங்கள் செய்யவில்லை. எண்பது வயதில் தூக்கம் கலைந்தால் திரும்ப வராது. சிக்கனம் வீட்டு மனிதர்களுக்காகத்தானே!

தொலைக்காட்சிப் பெட்டியோடு இருக்கும் செட்டாப் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். ரிமோட்டில் அணைத்த பிறகும் பத்து வாட் இழுக்கும் பெட்டி, இரண்டு மாதத்தில் 14 யூனிட்டைத் தின்றுவிடும். சுவிட்சை அணைக்கச் சோம்பலாக இருந்தால் ஸ்மார்ட் பிளக் இங்கே உதவும்.

தண்ணீர் மோட்டாரும் ஹீட்டரும்

மேற்குக் கொச்சியின் குடிநீர்ப் பாடு நமக்குத் தெரிந்ததே. குழாயில் எப்போது வருமோ அப்போது கீழ்த்தொட்டியில் பிடித்து, பிறகு மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். டேங்க் நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் வாட்டர் லெவல் கன்ட்ரோலர்தான் என் கணக்கில் வீட்டுத் தானியங்கிகளில் முதன்மையானது. அதில் மிஞ்சும் மின்சாரம் கொஞ்சம்தான். வழிந்து வீணாகும் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். கீழ்த்தொட்டி வறண்டால் நிறுத்தும் வசதியும் இருந்தால், மோட்டார் எரிந்துபோகாமல் தப்பும்.

பதினைந்து லிட்டர் ஹீட்டர் ஒருமுறை தண்ணீரைச் சுட வைக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். காலையில் அரை மணி நேரம் போதும். நாள் முழுக்க சுவிட்சைப் போட்டு வைத்தால், ஆறும் தண்ணீரை அது மறுபடி மறுபடி சுட வைக்கும். டைமர் வைப்பதானால் 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். சிறிய பிளக்கில் ஹீட்டரைப் போட்டால் உருகிவிடும்.

மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2024 டிசம்பரில் வந்த கட்டண ஆணை நேரத்துக்கு ஏற்றபடி விலை வைத்தது: காலை 6 முதல் மாலை 6 வரை பத்து சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை இருபத்தைந்து சதவீதம் கூடுதல். அவர்கள் துணி துவைப்பதையும் மோட்டார் ஓட்டுவதையும் பகலுக்கு மாற்றிக்கொள்ள டைமர் நல்ல துணை.

பழைய வீட்டு ஒயரிங்

நம்மில் பலர் இருப்பது பழைய ஓட்டு வீட்டில், அதுவும் வாடகைக்கு. ஸ்மார்ட் சுவிட்சுகளில் பலவற்றுக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் நியூட்ரல் ஒயர் வேண்டும். பழைய ஒயரிங்கில் அது இருக்காது. சுவரை உடைத்தால் செலவு நமக்கு, பலன் வீட்டுக்காரருக்கு. வீடு மாறும்போது கையோடு எடுத்துப்போகக்கூடிய பிளக்கும் விசிறியுமே வாடகைக்காரருக்கு ஏற்றவை. கடற்காற்றில் துரு பிடித்த பழைய இணைப்புகளை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒரே மீட்டரில் இரண்டு அடுப்பு

கடைசியாகச் சொல்வது, எந்தக் கருவியாலும் தீராத விஷயம். ஒரு வீட்டின் மாடியிலும் கீழேயும் இரண்டு குடும்பம் இருந்து மீட்டர் ஒன்றாக இருந்தால், ஆளுக்கு 300 யூனிட் என்றாலும் மொத்தம் 600 ஆகிவிடும். மேலே சொன்ன விகிதப்படி 4,050 ரூபாய். தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு 1,295, இருவருக்கும் சேர்த்து 2,590. ஒவ்வொரு பில்லிலும் 1,460 ரூபாய் வித்தியாசம்! யாரும் வீணாக்கவில்லை, சேர்த்து எண்ணப்படுவதால் வந்த நஷ்டம் இது. மாடிக்காரர் ஏசி போட்டார், கீழ்வீட்டார் மோட்டார் போட்டார் என்று மனஸ்தாபமும் இதிலிருந்தே பிறக்கிறது.

இப்படி இருப்பவர்கள் ஸ்மார்ட் கருவிக்குக் காசு போடுமுன் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து, இந்தக் கணக்கைக் காட்டி, தனி இணைப்புக்குப் பேசிப் பாருங்கள். மலையாளத்தில் விண்ணப்பம் எழுதத் தயங்குகிறவர்களுக்கு, இங்கேயே பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த சீட்டு வருவதற்குள் மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறிக்கத் தொடங்குங்கள்.