ஆற்றுக்குள்ளே - 9: குட்டி மட்டி எங்கே?

தேன்கனிக்கோட்டை மேட்டு நிலத்துக்கு இருபுறமும் இரண்டு ஆறுகள். வடக்கே ஓசூரை ஒட்டித் தென்பெண்ணை. தெற்கே அஞ்செட்டிக் காட்டைக் கடந்தால் காவிரி. தென்பெண்ணை நந்திமலையில் பிறந்து, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவையும் வாங்கிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே நுரை பொங்குவது வாடிக்கைச் செய்தியாகிவிட்டது. காவிரிக் கரைக்காடோ 2022இல் சரணாலயமானது. இரண்டு ஆறுகளின் நலத்தையும் மட்டியை வைத்தே எடைபோடலாம் என்கிறார்கள். போடலாம்தான், ஆனால், பெரிய மட்டியை வைத்து அல்ல, குட்டி மட்டியை வைத்து.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். உள்ளங்கை நீளத்தில், பழுப்பும் கரும்பச்சையுமாக, உட்புறம் முத்துப் பளபளப்போடு இருப்பது லமெல்லிடென்ஸ். இதன் ஒரு வகைக்கு லமார்க் 1819இலேயே பெயர் சூட்டிவிட்டார். அதைவிடச் சிறிய, தடித்த, உருண்ட ஓட்டில் மூட்டுமேட்டருகே நெளிநெளியாக வரி ஓடினால் பாரேசியா. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக, முக்கோணமாக, வளைய வளையமாக வரம்புகளோடு, உள்ளே முத்துப்பூச்சு இல்லாமல் பீங்கான்போல இருந்தால் கார்பிகுலா. வெளி நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, சேறும் பாசியும் அதை மாற்றிவிடும். உட்புறத்தையும் மூட்டுப் பற்களையும் பார்த்தே முடிவு கட்ட வேண்டும். அதற்குக் கரையில் கிடக்கும் காலி ஓடே போதும். ஆனால் வெள்ளம் எங்கிருந்தோ உருட்டி வந்த ஓடு, அந்த இடத்தில் மட்டி வாழ்கிறது என்பதற்குச் சாட்சியாகாது.

உயிருள்ள மட்டியும் பாதிச் சாட்சிதான். லமெல்லிடென்ஸ், பாரேசியா இரண்டின் இளம்புழுக்களும் தாயின் செவுளில் வளர்ந்து, வெளியேறியதும் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டாக வேண்டும். சில காலம் மீனோடு பயணித்த பிறகே உதிர்ந்து மணலில் புதைகின்றன. மீன் இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. மட்டியோ பல ஆண்டு வாழும். ஆகவே கிழட்டு மட்டிகள் மட்டும் நிறைந்த ஆறு, பிள்ளைகள் இல்லாத ஊரைப் போன்றது. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது.

ஆய்வகச் சோதனை இருக்கும்போது மட்டி எதற்கு என்று கேட்கலாம். பாட்டிலில் பிடித்த நீர் அந்த வேளையின் நிலையைச் சொல்லும். மட்டியோ இரவில் திறந்துவிடும் கழிவையும் வடிகட்டி வாழ வேண்டியிருக்கிறது. 'மட்டி அழுக்கைத் தாங்குமே' என்ற மறுப்பில் நியாயம் கூடுதல். நீர் கெட்டால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு அது சில காலம் காத்திருக்கும். லமெல்லிடென்ஸ் கலங்கல் குளத்திலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் வளர்ந்த மட்டியின் எண்ணிக்கை என்னைத் திருப்திப்படுத்துவதில்லை. கார்பிகுலா பெருகியிருப்பதும் ஆறுதலல்ல, அதன் குஞ்சுக்கு மீனே வேண்டாம்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கழிமுகத்தில் காணலாம். எண்ணூர், பழவேற்காட்டில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் தென்னமெரிக்க மட்டி, தரையெங்கும் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் மேயும் சேற்றையே மூடுகிறது. அங்கே மட்டிக்குப் பஞ்சமில்லை, தொழில்தான் படுத்துவிட்டது.

எனவே ஆழமில்லாத ஓரத்தில் மணலைச் சல்லடையில் அலசி, விரல் நகத்தைவிடச் சிறிய மட்டி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்பிகுலா குஞ்சைத் தனியே ஒதுக்கிய பிறகே கணக்கு. அளந்ததும் எடுத்த இடத்திலேயே மணலில் புதைத்துவிட வேண்டும். சரணாலயப் பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் சல்லடையை எடுக்கவே கூடாது.