தமிழில் தேர்வு, தில்லியில் படிப்பு

இடம் கிடைப்பது பாதி வெற்றிதான். தில்லிப் பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரைத் தாக்குப்பிடிப்பதுதான் மீதிப் பாதி.

சென்னையில் இரவு ஏறினால் இரண்டு ராத்திரி, ஒரு பகல் கழித்துப் புது தில்லியில் இறக்கிவிடுகிறது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். தூரம் சுமார் 2,180 கி.மீ. அங்கிருந்து மெட்ரோவில் விஸ்வவித்யாலயா நிலையம். பெட்டியும் படுக்கையுமாக மகனையோ மகளையோ கொண்டுவந்து சேர்க்கும் அப்பா, இரண்டு நாளில் ஊர் திரும்புகிறார். அவர் ரயிலேறிய பிறகுதான் உண்மையான கல்லூரி வாழ்க்கை ஆரம்பமாகிறது.

2021 வரை தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இடம் பிடிக்கப் பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அந்த ஆண்டு சில பாடங்களுக்கு 100 சதவீதம் கேட்ட கல்லூரிகளும் உண்டு. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வந்தது. 13 மொழிகளில் நடக்கும் இந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். சிக்கல் இங்கேதான். நுழைவுத் தேர்வுவரை கூட வரும் தமிழ், வகுப்பறை வாசலில் நின்றுவிடுகிறது.

உள்ளே இரண்டு மொழிகளின் ராஜ்யம். பி.ஏ. வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருக்கும். கடினமான இடம் வந்ததும் ஆசிரியர் இந்திக்குத் தாவுவார். மற்றவர்களுக்கு அது விளக்கம். 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு அது இன்னொரு புதிர். வகுப்பே சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் சிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. கலைப் பாடங்களில் வினாத்தாள் இரு மொழிகளில் அச்சாகிறது. விடையை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். தமிழ்வழியில் படித்தவருக்கு இந்தச் சலுகையில் பங்கில்லை.

பள்ளியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கை தூக்கிய பிள்ளை, இங்கே கடைசி பெஞ்சில் மௌனமாகிவிடுகிறது. விஷயம் தெரியாததால் அல்ல, வாக்கியம் சரியாக வருமா என்ற பயத்தால். இந்த மௌனம்தான் ஆபத்து. கேள்வி கேட்பது முதலில் நிற்கிறது, அப்புறம் வகுப்புக்குப் போவது நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு வருகைப் பதிவு வேண்டும் என்ற விதி நினைவுக்கு வரும்போது செமஸ்டர் முடியப்போகிறது.

படிக்கும் முறையும் தலைகீழ். ஒரே பாடப் புத்தகம், பாட முடிவில் கேள்விகள், கடையில் விற்கும் கைடு எல்லாம் பிளஸ் டூவோடு சரி. இங்கே ஒரு தாளுக்குப் பத்துப் பதினைந்து கட்டுரைகள், நூல்களின் தனித்தனி அத்தியாயங்கள். விலை கொடுத்து வாங்கிக் கட்டுப்படியாகாது, ஜெராக்ஸ்தான் கதி. இந்த ஜெராக்ஸ் கட்டுகளை எதிர்த்து மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. பாடத்துக்காகப் பிரதி எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு பதிப்பகங்கள் பின்வாங்கின. முதலாண்டு மாணவர் கையிலுள்ள மலிவான கட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு சட்டப் போராட்டம் இருக்கிறது.

தங்குவது அடுத்த தலைவலி. பல கல்லூரிகளுக்கு விடுதியே இல்லை. கமலா நகர், விஜய் நகர் சந்துகளில் 'பி.ஜி.' எனப்படும் தனியார் அறைகள்தான் புகலிடம். ஜன்னல் இல்லாத அறையைப் பங்கு போட்டுக்கொள்ளும் மாணவர், தட்டில் ராஜ்மாவைப் பார்த்துத் தயிர் சாதத்தை நினைக்கிறார். தீபாவளி வரும்போது ஏக்கம் இன்னும் கூடுகிறது. இங்கே அது ராத்திரிப் பண்டிகை. விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு எழுப்ப ஆளில்லை. போகவே இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் ஆகும் ஊருக்கு, கிடைக்கும் விடுமுறை போதாது. டிசம்பரில் தேர்வும் குளிரும் சேர்ந்தே வருகின்றன.

ராகிங் பயம் பெற்றோரை இன்னும் விடவில்லை. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. 2009 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கடுமையான விதிகள் நாடு முழுவதற்கும் உள்ளன. இலவசத் தொலைபேசி: 1800-180-5522. மனச்சோர்வுக்கு, மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் (14416) தமிழிலேயே பேசலாம்.

ஆனால் அடி விழாமலே ஒடுங்கிப்போகிறவர்களுக்கு விதிகளால் அதிகம் செய்ய முடிவதில்லை. ஒரு மாணவர் படிப்பைக் கைவிடுவதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமல்ல, கல்வியிலும் நட்பிலும் அந்த இடத்தோடு ஒட்டாமல் போவதும் காரணம் என்று அமெரிக்க சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ 1975இலேயே வாதிட்டார். ஒட்டுவதற்குத் தேவைப்படுபவை சின்ன விஷயங்கள்தான். தப்போ சரியோ, ஒரு விடையை எழுதி ஆசிரியரிடம் காட்டுவது. சேர்ந்து படிக்க நாலு பேர். தமிழில் புலம்ப ஒரு சீனியர். பிஹாரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து அதே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் பக்கத்து பெஞ்ச் நண்பர்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் வேலை உண்டு. தினமும் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கும் அம்மாவுக்கு, "சாப்பிட்டேன்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். "இன்னிக்கு யார்கூடப் பேசினே?" என்று கேட்டால் நிலவரம் தெரியும். முதல் செமஸ்டரில் மதிப்பெண் குறைந்தால் பள்ளிக் கணக்கோடு ஒப்பிட்டுத் திட்டாமல் இருப்பதும் பேருதவி.

அடுத்த ஆண்டு புது மாணவர்கள் வரும்போது, விஸ்வவித்யாலயா நிலைய வாசலில் அதே மாணவர் நிற்பார். ஊரிலிருந்து வந்த ஜூனியரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உடைந்த இந்தியில் இ-ரிக்‌ஷாக்காரரிடம் பத்து ரூபாய்க்கு பேரம் பேசிக்கொண்டு.