மொட்டை மாடி இல்லாத வீட்டுக்கு டீஹைட்ரேட்டர்: எதைப் பார்த்து வாங்கணும்?

போன நவம்பர்ல எங்க வீட்டுல நடந்த ஒரு சோகக் கதையோட ஆரம்பிக்கிறேன். அம்மா சொன்ன பக்குவப்படி ஒரு கிலோ மிளகாயை மோர்ல ஊறவெச்சு, பால்கனியில காயப்போட்டேன். ரெண்டாம் நாளே மழை. உள்ள கொண்டுவந்து ஃபேனுக்குக் கீழே பரப்பினேன். ஒரு வாரத்துல காம்புப் பக்கம் சாம்பல் நிறத்துல பூஞ்சை.

'கழுவிட்டு மறுபடி வெயில்ல போடலாமே'ன்னு எனக்கும் தோணிச்சு. ஆனா மிளகாய்ல வளர்ற சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின்ங்கிற நஞ்சை உருவாக்கும். அது கழுவினாலும் போகாது, எண்ணெயில பொரிச்சாலும் முழுசா அழியாது. மொத்தத்தையும் குப்பையில கொட்டினேன். அதுக்கப்புறம்தான் டீஹைட்ரேட்டர் பக்கம் போனேன்.

இந்த மெஷின் செய்றது ரெண்டே வேலை: காற்றை மிதமா சூடாக்கும், அதை ஓடவிடும். காற்று சூடானா அதோட ஈரப்பதம் குறையும், காயில இருக்கிற தண்ணீரை இழுத்துக்கும். அதனாலதான் வெளியில அடைமழை பெய்தாலும் இது வேலை செய்யுது.

'ஏர் ஃப்ரையர் போதாதா?' பல ஏர் ஃப்ரையர்கள்ல குறைந்தபட்ச சூடே 80 டிகிரி. அதுல காய் உலராது, வெந்துடும். இல்லைன்னா மேல்தோல் மட்டும் இறுகி, உள்ள ஈரம் தங்கிடும். பூஞ்சைக்கு அதுவே போதும்.

அப்போ வாங்கும்போது முதல்ல பார்க்க வேண்டியது சூட்டைக் கூட்டிக் குறைக்கிற வசதி. முருங்கைக்கீரை, கறிவேப்பிலைக்கு 35 முதல் 40 டிகிரி போதும். நிறமும் மணமும் நிக்கும். காய்களுக்கு 52, பழங்களுக்கு 57 டிகிரி வாக்குல வைக்கலாம். வெறும் ஆன்-ஆஃப் மட்டும் இருக்கிற மாடல் வேண்டாம்.

அடுத்தது ஃபேன் எங்க இருக்குன்னு பாருங்க. தட்டுகளை அடுக்குற வட்ட மாடல்கள்ல பெரும்பாலும் அடியிலதான் இருக்கும். விலை குறைவு, இடமும் அடைக்காது. ஆனா கீழ்த்தட்டு சீக்கிரம் காயும், மேல்தட்டு ஈரமாவே இருக்கும். நடுவுல தட்டுகளை மாத்திக்கிட்டே இருக்கணும். தக்காளிச் சாறு ஃபேன் மேல சொட்டவும் வாய்ப்பு இருக்கு. பெட்டி மாடல்ல ஃபேன் பின்பக்கம் இருக்கும். எல்லாத் தட்டும் கிட்டத்தட்ட ஒரே சீரா காயும். எப்பவாவது கீரை காயவைக்க வட்டம் போதும். வருஷத்துக்கு வேண்டிய வத்தல் போடுறவங்களுக்குப் பெட்டிதான் சரி.

டைமர் கட்டாயம். பல காய்களுக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி முழுக்க எழுந்து பார்க்க முடியாது இல்லையா? கரண்ட் பில் கணக்கும் சுலபம்: 500 வாட் மெஷின் 10 மணி நேரம் ஓடினா அதிகபட்சம் 5 யூனிட். இன்னொண்ணு, தக்காளியில கிட்டத்தட்ட 94 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ போட்டா நூறு கிராம்கூட தேறாது. அதனால தட்டோட பரப்பளவைப் பார்த்துட்டு வாங்குங்க.

உப்புக்கண்டம் போடுற ஐடியா இருந்தா ஒரு எச்சரிக்கை. மெதுவான சூட்டுல கிருமிகள் தப்பிச்சுடும். அமெரிக்க வேளாண் துறை சொல்றபடி, உலர்த்துறதுக்கு முன்னாடியே இறைச்சி 71 டிகிரி, கோழி 74 டிகிரி சூட்டைத் தொட்டிருக்கணும்.

கடைசியா ஒரு சோதனை. காய்ஞ்சதை நல்லா ஆறவெச்சு, கண்ணாடி பாட்டில்ல முக்கால் பாகம் போட்டு மூடுங்க. ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்க. உள்பக்கம் நீர்த்துளி தெரிஞ்சா இன்னும் காயலை. திரும்ப மெஷின்ல போடுங்க. பூஞ்சை தெரிஞ்சா யோசிக்காம தூக்கிப் போடுங்க.

மொட்டை மாடியும் நல்ல வெயிலும் இருக்கிறவங்களா நீங்க? அப்போ மெஷினை விடுங்க, ஒரு பழைய வேட்டியும் காக்கா விரட்ட ஓர் ஆளும் போதும். மத்தவங்க, மழைக்காலம் வர்றதுக்குள்ள முடிவு பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.