ஐந்து முறை ஏன்?

சென்னை அம்பத்தூரில் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளிப் பாடி. அங்கே ஆலை வைத்திருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு 1998-ல் தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசு கிடைத்தது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2003-ல் அம்பத்தூர் ரானே பிரேக் லைனிங்கும் பெற்றது. விலை உயர்ந்த இயந்திரம் வாங்கினால் கிடைக்கிற பரிசல்ல இது. மேலாளர் முதல் ஆபரேட்டர் வரை எல்லோரும் ஒரு பிரச்சினையை எப்படி அணுகுகிறார்கள் என்பதைத் துருவிப் பார்த்துத் தருவது. தெளிவான சிந்தனை பிறவி வரம் அல்ல, பழகினால் வருவது என்பதற்கு இதைவிட அருகில் சாட்சி வேண்டாம்.

அந்தப் பழக்கம் எப்படி வேலை செய்கிறது? ஒரு பாகத்தில் துளை அளவு மீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். டொயோட்டா பரப்பிய முறையோ ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கச் சொல்கிறது. துளை ஏன் பெரிதானது? டிரில் பிட் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? நேரத்துக்கு மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? எத்தனை துளை போட்டது என்ற கணக்கு இல்லை. ஏன் இல்லை? அதை எழுதுவது யார் வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் தாளில் அதற்கு இடமே இல்லை. ஆளைத் திட்டியிருந்தால் அடுத்த வாரம் அதே தவறு வந்திருக்கும். தாளில் ஒரு கட்டம் சேர்த்தால் வராது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஒரே ‘ஏன்’ சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற காரணங்கள் கண்ணில் படாது. கேட்பவர் முன்பே நம்பியதில்தான் அது போய் முடியும். உண்மைதான். அதனால்தான் ஜப்பானியத் தர நிபுணர் கவோரு இஷிகாவா வகுத்த மீன்முள் படத்தையும் கூடவே வரைகிறார்கள். ஆள், இயந்திரம், பொருள், முறை என ஒவ்வொரு முள்ளிலும் சாத்தியமான காரணங்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் நேரில் போய்ச் சோதிக்கிறார்கள். ஆடிட் வருகிறது என்பதற்காக முதல் நாள் இரவு படத்தை நிரப்புகிற இடங்களும் இருக்கலாம். அங்கே கருவி இருக்கிறது, சோதனை இல்லை. சோதிக்காத படம் வெறும் அலங்காரம்.

ஆலைக்குச் சரி, வீட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைக்குக் கணக்கில் மார்க் குறைந்தால் பெரும்பாலான வீடுகளில் செல்போனைப் பிடுங்கி வைப்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. விடைத்தாளை எடுத்து, எந்த வகைக் கணக்கில் எத்தனை மார்க் போயிற்று என்று கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். பின்னக் கணக்கில் மட்டுமே சறுக்கியிருந்தால், செல்போன் முதன்மைக் குற்றவாளி அல்ல. எல்லாவற்றுக்கும் இப்படித் தாள் எடுக்க வேண்டியதில்லை; திரும்பத் திரும்ப வருகிற தொல்லைக்கு எடுத்தால் போதும். நினைத்த காரணத்தைத் தேதியோடு எழுதிவைத்து, அடுத்த தேர்வு முடிந்ததும் ஒப்பிடுங்கள். மனதில் மட்டும் இருக்கிற ஊகம், முடிவு வந்தபின் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று மாறிக்கொள்ளும். தாளில் எழுதியது மாறாது. நம் தவறை நமக்கே காட்டக்கூடியது அது ஒன்றுதான்.