பழைய காரை வைத்திருக்கலாமா?

1983 டிசம்பர் 14 அன்று வெளிவந்த மாருதி 800, நடுத்தரக் குடும்பங்களையும் கார் வாங்க வைத்தது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. எனினும் எங்கள் வீட்டில் ஒன்று ஓடுகிறது. விற்கலாமா என்பதே அம்மாவின் தினசரிக் கேள்வி!

796 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின் எளிமையானது. பெல்ட், பிளக், கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மாற்றிவிடலாம். துரு அப்படியன்று. இத்தகைய சிறு கார்களில் தனிச் சேஸிஸ் கிடையாது. தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. அது அரித்துப்போனால் விபத்தில் நம்மைக் காப்பது எது? காற்றுப்பையும் இல்லை!

பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குமுன் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பது நலம். பல வருட மழை ஈரம் அங்கேதான் தங்கும். சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து நாங்கள் தூக்கிப் பார்த்தோம். ஓட்டுநர் இருக்கையின் கீழே விரல் நுழைந்தது. அப்பாவிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.